எட்டேகாலுக்குப் போட்ட மாத்திரை

இப்ப மணி ஒன்பது ஏழு. எதிர்ச் சுவர்ல தொங்குற கடிகாரம் ஒன்பது அஞ்சுன்னு சொல்லுது, அது சொல்லிட்டுப் போகட்டும், ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுதுன்னு நேத்து இந்தக் கட்டில்ல ஏறிப் படுத்த உடனே கண்டுபிடிச்சிட்டேன், முப்பத்தோரு வருஷம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா உக்காந்தவன்கிட்ட கடிகாரம் பொய் சொல்ல முடியாது. மனுசன்தான் பொய் சொல்லுவான். நான் சொல்லியிருக்கேன், இன்னைக்குக் காலைல, ஒரே ஒரு வார்த்தை. என் வலது கை மூடியிருக்கு, அதுக்குள்ள ரெண்டு கேப்சூல் மாத்திரை இருக்கு. சிஸ்டர் ஜெசிந்தா இத்துனூண்டு பிளாஸ்டிக் கிண்ணத்துல போட்டு, ஒரு வாய்த் தண்ணியோட குடுத்தது. "போட்டுக்கோங்கப்பா, இந்த ஒரு வாய்தான், இதுக்கு மேல ஆபரேஷன் முடியுற வரைக்கும் பச்சத் தண்ணி கிடையாது"ன்னு சொல்லிட்டு அது பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்புச்சு, நான் கையை வாய்க்குக் கொண்டுபோயி தண்ணியை மட்டும் முழுங்கிட்டு மாத்திரையை உள்ளங்கையில அமுக்கிட்டேன். அறுபத்து மூணு வயசு. விளக்கெண்ணெய்க்குப் பயந்து ஏமாத்துற பச்சப்புள்ள மாதிரி. ஏன்டா முழுங்கலன்னா, ஏற்கெனவே முழுங்கியாச்சு. எட்டேகாலுக்கே முழுங்கியாச்சு, என் பையில இருந்த என் டப்பாவுல இருந்து, யாருக்கும் தெரியாம. நேத்து ராத்திரியே படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க, காலைல மொதல்ல ரத்தம் எடுக்கணும், பழைய மருந்து ரத்தத்துல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்கணும், அதுக்கப்புறம் நாங்களே மாத்திரை தருவோம், நீங்களா போட்டுறாதீங்கன்னு. எனக்குத் தெரியாததா. ஒன்பது வருஷமா மாசாமாசம் அப்படித்தான் ரத்தம் குடுக்கிறேன், புதுசா வர்ற ஆளுகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கேன், "அண்ணாச்சி, ரத்தம் குடுத்துட்டுப் போடுங்க, போட்டுட்டுக் குடுத்தா அளவு தப்பாக் காட்டும்"னு. இன்னைக்கு எட்டு அடிச்சுது, ரத்தம் எடுக்கிற அம்மா வரல. எட்டு அஞ்சு. எட்டு பத்து. வராண்டாவுல செருப்புச் சத்தம் கேக்கும், வேற எங்கயோ போகும். எட்டேகாலுக்கு என் கை தானாப் பையைத் துழாவுச்சு, எச்சியைக் கூட்டி முழுங்கிட்டேன். அப்புறம் அந்த அம்மா எட்டு அம்பதுக்கு மூச்சிரைக்க வந்து, கையில ரப்பரைக் கட்டிக்கிட்டே, "மாத்திரை இன்னும் போடலைல்ல?"ன்னு கேட்டாங்க. நான் "இல்ல"ன்னேன்.

அவ்வளவுதான், இல்லன்னு ஒரு வார்த்தை, ஊசி உள்ள போறதுக்குள்ள சொல்லி முடிச்சாச்சு. இந்த மாத்திரை என்ன பண்ணுதுன்னு எனக்கு எந்த டாக்டரும் இனிமே சொல்லித் தர வேண்டாம். என் வயித்துல வலது பக்கம் இருக்கிறது என் கல்லீரல் இல்ல, எம் மக செண்பகவல்லியோடது. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி என்னோடது அழுகிப்போச்சு, மஞ்சக்காமாலை முத்தி, ஊர்ல எல்லாரும் அய்யலுசாமி ரகசியமாக் குடிச்சிருக்கான்னு பேசிக்கிட்டாங்க, வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டவன் இல்ல நான், பேசட்டும், பேசுற வாயை மூட உலைமூடியா இருக்கு. அவ அம்மாவுக்குச் சக்கரை, எடுக்க முடியாதுன்னுட்டாங்க. பாப்பாவுக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு, தபால் ஆபீஸ்ல வேலை கெடச்சு எட்டு மாசம். பாதிக்கு மேல அறுத்துக் குடுத்தா. ஆனா இந்த உடம்பு இருக்கே, இதுக்கு நன்றி கிடையாது, ஒன்பது வருஷம் ஆகியும் அதுக்கு இந்தக் கல்லீரல் அடுத்த வீட்டு ஆளுதான், விட்டா கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிரும். அது தள்ளாம இருக்கத்தான் இந்த மாத்திரை, காலைல எட்டு, ராத்திரி எட்டு, உடம்போட காவக்காரனைக் கொஞ்சம் மயக்கத்துலயே வெச்சிருக்கும். ரொம்ப மயக்கிட்டா வேற திருடன் வந்துருவான். வந்துட்டானே. இரைப்பையில புத்துநோய். காவக்காரன் தூங்குனதாலதான் வந்துச்சான்னு கேட்டேன், "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்"னு டாக்டர் சொன்னாங்க. மக குடுத்ததைக் காப்பாத்துற மாத்திரையே இதையும் வரவழைச்சிருச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்கிறது. இப்ப அந்த ரத்த ரிப்போர்ட்டு சாயங்காலம் வரும். போட்ட சூட்டோட எடுத்த ரத்தம், மருந்து எக்கச்சக்கமா இருக்குன்னு காட்டும். அதைப் பார்த்துட்டு ராத்திரி மருந்தைக் குறைப்பாங்க. நாளைக்கும் குறைப்பாங்க. ஐயா அது பொய்க் கணக்கு, குறைக்காதீங்கன்னு சொல்ல நான் அப்ப முழிச்சிருக்க மாட்டேன், வாயில குழாய் சொருகிக் கெடப்பேன்.

வயிறு பசிக்குது. இதுதான் வெக்கக்கேடு, இன்னும் கொஞ்ச நேரத்துல தன்னை வெட்டி எடுக்கப் போறாங்கன்னு தெரியாம அது பாட்டுக்கு இட்லி கேக்குது. முக்கால்வாசி எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க, திறந்து பார்த்தா முழுசாவும் எடுக்கலாம். டாக்டர் தேன்மொழி நல்ல பொம்பள, என் மக வயசுக்குப் பத்து கூட இருக்கும், பேனாவை எடுத்துப் பேப்பர்ல படம் போட்டாங்க. இது கல்லீரல், இது இரைப்பை, பழைய ஆபரேஷன்னால ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருக்கும், மொதல்ல அதைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிக்கணும், அதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகும். அப்புறம் ஒரு கோடு போட்டாங்க. "இந்தக் கல்லீரலுக்கு நல்ல ரத்தம் கொண்டுபோற குழாய் இது ஒண்ணுதான். உங்க குழாயையும் உங்க மகளோட குழாயையும் சேர்த்துத் தச்சிருக்காங்க. புத்துநோய் பரவுற நெறிக்கட்டிங்க எல்லாம் இதை ஒட்டித்தான் இருக்கு. சுத்தமா எடுக்கலன்னா நோய் திரும்ப வரும். எடுக்கும்போது குழாய்க்கு ஏதாவது ஆனா கல்லீரல் போயிரும்." நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன், வைக்கோலை விட மெல்லிசாப் போட்டிருந்தாங்க, பேனா கோடுதானே, நிஜத்துல எவ்வளவு தடிமன் இருக்கும்னு கேக்கத் தோணுச்சு, கேக்கல. "கை தவறிட்டா?"ன்னு மட்டும் கேட்டேன். "தவறாமப் பார்த்துக்குவோம்"னாங்க. தவறாதுன்னு சொல்லல பாருங்க. இந்த மாதிரி ஆளுக்கு இந்த ஆபரேஷன் அடிக்கடி பண்றது இல்ல, ஆனா பண்ணியிருக்காங்க, நல்லா இருக்காங்கன்னாங்க. எத்தனை பேருன்னு கேக்கல. நான் கேக்காம விட்ட கேள்வியெல்லாம் சேர்த்தா ஒரு நோட்டு வரும். பழைய தழும்பு மேலயே திறந்துக்கலாம்னு சொன்னப்ப மட்டும் பாப்பா லேசா முகத்தைச் சுளிச்சா, அவளுக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. பக்கத்துக் கட்டில்ல யாரோ திரைக்குப் பின்னாடி இருமுறாங்க. பச்சைக் கவுனுக்குப் பின்னாடி முடிச்சு சரியாப் போடல, முதுகு சில்லுன்னு இருக்கு, பாதம் ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல. கை மட்டும் வேர்க்குது. உள்ளங்கையில கேப்சூல் இளகிப் போச்சு போல, பிசுபிசுன்னு ஒட்டுது.

ஒன்பது பத்தொன்பது. பாப்பா கீழ ரத்த வங்கிக்குப் போயி ஒன்றரை மணி நேரம் ஆச்சு, ரெண்டு பாட்டில் தயாரா இருக்குன்னு சீட்டு வாங்கிட்டு வரணுமாம். அவ இருந்திருந்தா இது நடந்திருக்காது, என் டப்பாவைத் தொட விட்டிருக்க மாட்டா. இல்ல, அவ மேல பழியைப் போடுறியா, நல்லா இருக்குடா உன் நியாயம். சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிரு. ரெண்டு நிமிஷ வேலை. அம்மா தப்பு பண்ணிட்டேன், எட்டேகாலுக்கே போட்டுட்டேன்னு சொல்லு. சொன்னா என்ன ஆகும், இன்னைக்கு வேண்டாம்னுருவாங்க. தேதி கெடைக்கவே இருபது நாள் ஆச்சு, இன்னும் இருபது நாள்னா உள்ள இருக்கிறது சும்மா இருக்குமா, அது என்ன டிப்போவுல நிக்கிற வண்டியா. பாப்பா மறுபடி லீவு எழுதணும். அதனாலதான் சொல்லலைன்னு சொல்லிக்கிறேன். மனசு கேக்கும்படியா ஒரு காரணம் எப்பவும் என்கிட்ட இருக்கும். தை மாசமும் இருந்துச்சு. தை மாசந்தான் மொதல்ல நெஞ்சுக்குழியில எரிஞ்சுது, ரெண்டு இட்லி தின்னா நாலு இட்லி தின்ன மாதிரி கும்முனு நிக்கும், அப்புறம் வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா. எந்தச் சின்னத் தொந்தரவுன்னாலும் உடனே சொல்லணும், அதுதான் எங்களை மாதிரி ஆளுகளுக்கு மொத விதி, அதையும் நான் மத்தவங்களுக்குப் பாடம் எடுத்தவன்தான். அந்த மாசந்தான் தூத்துக்குடியில இருந்து பாப்பாவைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. துறைமுகத்துல வேலை, நாப்பது வயசு, தழும்பு இருந்தா என்னங்கன்னு அந்த மனுசன் வாயாலயே சொன்னாரு. அதுக்கு முன்னாடி மூணு இடம் வந்துட்டுப் போயிருச்சு, ஒரு அம்மா, சிவகாசிக்காரி, என் முகத்துக்கு நேராவே கேட்டா, "வயித்தை அறுத்த புள்ளையாமே, நாளைக்குப் புள்ளகுட்டி தரிக்குமா?"ன்னு. அது வேற வயிறு இது வேற வயிறும்மான்னு சொல்லிப் பார்த்தேன், யாரு கேட்டா. அதனால தூத்துக்குடிக்காரரு கையெழுத்துப் போடுற வரைக்கும் என் வயிறு வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்னு நெனச்சேன். மாமனாருக்குப் புது வியாதின்னு தெரிஞ்சா ஓடிருவாங்கல்ல. மருந்துக் கடையில ரோஸ் கலர் சிரப்பு வாங்கி, ரிட்டயர் ஆனப்ப கொண்டுவந்த பழைய தோல்பையில ஒளிச்சு வெச்சுக் குடிச்சேன். தை, மாசி, பங்குனி, சித்திரை. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுருமா. சித்திரையில அங்க இருந்து ஒத்து வரலன்னு தகவல் வந்துச்சு, வைகாசியில மாச டெஸ்ட்டுல ரத்தம் ஏழுக்கு இறங்கி நின்னுச்சு, குழாய் விட்டுப் பார்த்தாங்க, புண்ணு, சதை எடுத்தாங்க, புத்து. எத்தனை நாளா தொந்தரவுன்னு டாக்டர் கேட்டப்ப பாப்பா பக்கத்துல உக்காந்திருந்தா. ரெண்டு வாரமான்னேன். ரெண்டு வாரத்துல இவ்வளவு வராதேன்னு அவங்க சொன்னாங்க, நான் சன்னலைப் பார்த்தேன். நாலு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா கொஞ்சமா வெட்டி எடுத்திருப்பாங்களோ, அந்தக் குழாய் பக்கமே போக வேண்டி இருந்திருக்காதோ. ராத்திரி பூரா இதே ஓட்டந்தான், எட்டயபுரம் வண்டி மாதிரி போயிட்டுப் போயிட்டு அதே இடத்துல வந்து நிக்குது.

பாப்பாகிட்ட ஏன் சொல்ல முடியலன்னா, அவ திட்ட மாட்டா. அதுதான் கஷ்டம். திட்டுனா தாங்கிக்கலாம். முன்னாடியெல்லாம் எங்க வீட்டுல நானும் அவளும் பேசுனா தெருமுனையில நிக்கிறவனுக்குக் கேக்கும், அவ அம்மா ராமலட்சுமி நடுவுல நின்னு, "ரெண்டும் ஒரே அச்சு, ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் தின்னுங்க"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிருவா. கல்லீரல் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கமிட்டி உக்காந்து கேப்பாங்க, கேமரா வெச்சு, யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துனாங்களா, காசு குடுத்தாங்களான்னு. இவ சொன்னா, "என்னைக் கட்டாயப்படுத்தி ஒரு டம்ளர் பால் குடிக்க வைக்க முடியாது சார், அப்பாவைக் கேட்டுப் பாருங்க." கேட்டவங்களே சிரிச்சுட்டாங்க. அந்த வாய் எங்க போச்சுன்னு தெரியல. ஆபரேஷன் முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவ என்கிட்ட குரலை உசத்துனது இல்ல. "அப்பா, சாப்பிட்டீங்களா. அப்பா, மாத்திரை ஆச்சா. சரிப்பா. பரவாயில்லப்பா." நானும் அப்படித்தான், "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய் பாப்பா." சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரிப் பேசிக்கிறோம். குடுத்தவகிட்ட வாங்குனவன் எப்படிச் சண்டை போடுவான், குடுத்ததைச் சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிருமோன்னு அவளுக்குப் பயம், நன்றி கெட்டவன்னு ஆயிருமோன்னு எனக்குப் பயம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ராமலட்சுமி நெஞ்சு வலின்னு உக்காந்தவ எந்திரிக்கல, என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தூக்கிட்டு அலைஞ்சவ போயிட்டா, போக வேண்டிய நான் இருக்கேன். அன்னைக்குக்கூட பாப்பா என்னைக் கட்டிப் புடிச்சு அழல, கூட்டம் ஜாஸ்தியா இருக்கு, நோய் தொத்திரும்னு எனக்கு முகமூடி போட்டு விட்டா. ஒரு நெனப்பு வருது, வரக்கூடாது, வருது. மேசையிலயே போயிட்டா அவளுக்கு விடுதலைன்னு. மாசாமாசம் ஆஸ்பத்திரி இல்ல, டப்பா இல்ல, எட்டு மணி இல்ல. உடனே இன்னொண்ணு வந்து மொதல்ல வந்ததைக் கடிக்குது, நான் போனா அவ அறுத்துக் குடுத்ததும் என்னோட சேர்ந்து சுடுகாட்டுல எரியும். திருப்பிக் குடுக்க முடியாத சாமானை வாங்கிட்டேன். எனக்குப் பயமா இருக்கு. சாவுக்குப் பயமான்னா அதுக்குந்தான், பொய் சொல்லுவானேன், ஆனா அவ குடுத்தது என் ஒத்தை "இல்ல"வால போச்சுன்னா, அதுக்கு இதைவிட பயமா இருக்கு.

"அப்பா, ஊசி போட்ட கையைக் காட்டுங்க." சிஸ்டர் ஜெசிந்தா. ஒன்பது இருபத்தெட்டு. எப்ப வந்துச்சுன்னு தெரியல. இடது கையை நீட்டுனேன், அதுலதான் ஊசி இருக்கு, பட்டையில பேரைப் படிச்சுப் பார்த்துச்சு, அய்யலுசாமி, அறுபத்து மூணு, சரி. "அந்தக் கையை ஏன்ப்பா இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க, பயமா? பயப்படாதீங்க, கையைத் தளர விடுங்க." நான் தளர விடல. அது சிரிச்சுக்கிட்டே என் விரலைப் பிரிக்கப் பார்த்துச்சு, நானா விரிச்சேனா அது பிரிச்சுச்சான்னு இப்பவும் சொல்லத் தெரியல. உள்ளங்கை ரேகையெல்லாம் வெள்ளை மாவு, கூடு நசுங்கித் தோலோட ஒட்டியிருந்துச்சு. சிரிப்பு நின்னுருச்சு. "என்னப்பா இது?" அப்ப வந்துச்சு பாருங்க, மடை திறந்த மாதிரி. எட்டேகாலுக்கே போட்டுட்டேம்மா, ரத்தம் எடுக்க வந்தவங்ககிட்ட போடலன்னு பொய் சொன்னேன், ரெண்டாந்தடவை போடக்கூடாதுன்னு இதை ஒளிச்சு வெச்சேன், அந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க, மருந்தைக் குறைச்சுறாதீங்க, எம் மகளோட கல்லீரல்ம்மா. சிஸ்டர் என் கையைப் பஞ்சு வெச்சுத் தொடைச்சுச்சு. தொடைச்சுட்டு மேசைப் பக்கம் போயி போன்ல பேசுச்சு. எனக்குப் பாதிதான் கேட்டுச்சு, "ஆமா டாக்டர், எட்டு பதினஞ்சுக்கு. எட்டு அம்பதுக்கு எடுத்தது. இல்ல, ஒரு டோஸ்தான்." நான் அந்த முதுகையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இப்ப திரும்பும், இன்னைக்கு இல்லைன்னு சொல்லும், பச்சைக் கவுனைக் கழட்டுங்க, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லும். திரும்புச்சு. "சொன்னது நல்லதாப் போச்சுப்பா. அந்த ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டாம்னு எழுதியாச்சு. நாளைக்குக் காலைல மாத்திரைக்கு முன்னாடி நாங்களே மறுபடி எடுத்துக்குவோம், அதைப் பார்த்துத்தான் அளவு. ஆபரேஷன் இன்னைக்குத்தான், டிராலி வந்துட்டு இருக்கு." என் பொய்யால கல்லீரலுக்கு ஆபத்து இல்ல. நெஞ்சு குளுந்திருக்கணும்ல. குளுரல. அப்பத்தான் புரிஞ்சுது, தள்ளிப் போயிருமோன்னு நான் பயந்ததா நெனச்சதெல்லாம் சும்மா, தள்ளிப் போகட்டும்னுதான் இந்த ஒண்ணேகால் மணி நேரமும் உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டு இருந்திருக்கேன். யாருக்குத் தெரியும், எட்டேகாலுக்குக் கை பையைத் துழாவுனதே அதுக்குத்தானோ என்னமோ. முப்பத்தோரு வருஷம் ஒரு வண்டியை அஞ்சு நிமிஷம் நிப்பாட்டி வைக்க விட்டதில்ல, டிரைவருக்குக் காய்ச்சல்னாக்கூட மாத்து ஆளை ஏத்தி அனுப்புனவன், என் வண்டின்னதும் டயர்ல காத்தைப் புடுங்கி விட்டிருக்கேன்.

டிராலி வந்துருச்சு. ரெண்டு பேரு என்னைத் தூக்கி வைக்கிறாங்க, போர்வை, பக்கக் கம்பி, கூரையில விளக்கு ஒண்ணொண்ணாப் பின்னாடி போகுது. லிப்ட்டுப் பக்கம் பாப்பா ஓடி வர்றா, கையில சீட்டு, நெத்தியெல்லாம் வேர்வை. "அப்பா, ரத்தம் ரெடியா இருக்குப்பா, லேட் ஆயிருச்சு, அங்க ஒரே கூட்டம். பயப்படாதீங்கப்பா, ஒண்ணும் ஆகாது." அதே மெத்துன்னு குரல். கம்பியைப் புடிச்சுக்கிட்டே கூட நடக்குறா. மாத்திரை விசயத்தைச் சொன்னேன். "பரவாயில்லப்பா, அதான் சொல்லிட்டீங்கல்ல." பரவாயில்லையாம். அதோட நிறுத்தியிருக்கலாம், ஆனா கதவு தெரியுது, சிவப்பு எழுத்துல என்னமோ எழுதியிருக்கு, அதுக்கு அங்கிட்டு போயிட்டா சொல்ல முடியாது. "பாப்பா, ரெண்டு வாரம் இல்ல. தை மாசத்துல இருந்தே வலிச்சுது. ஒளிச்சு சிரப்பு குடிச்சேன்." அவ நடை ஒரு எட்டு பின்தங்கி மறுபடி வந்து சேர்ந்துச்சு. "எதுக்கு?" "தூத்துக்குடிக்காரங்க பேசி முடிக்கட்டும்னு. எனக்கு இன்னொரு வியாதின்னா அவரு வேண்டாம்னுருவாருன்னு. கடைசியில வேண்டாம்னுதான் சொன்னாங்க." பாப்பா டிராலிக் கம்பியை விட்டா. "அவரு எங்க வேண்டாம்னாரு. நான்தான் வேண்டாம்னேன். வந்து உக்காந்த நிமிஷத்துல இருந்து பல்லைக் குத்திக்கிட்டே இருந்தாரு, குத்தி எடுத்ததைப் பார்த்துட்டு வேட்டியில தொடைச்சாரு. அடுத்த வாரமே தரகர்கிட்ட முடியாதுன்னுட்டேன். உங்களுக்கு மனசு சங்கடமாயிரும்னு சித்திரை வரைக்கும் அவங்க பக்கத்துல இழுக்கிற மாதிரி சொல்லச் சொன்னேன்." தள்ளுறவங்க ரெண்டு பேரும் முன்னாடி பார்த்துக்கிட்டே தள்ளுறாங்க. நாலு மாசம். ஒரு பல் குத்துறவனுக்காக நாலு மாசம் வயித்துக்குள்ள வளர்த்திருக்கேன். சிரிப்பு மாதிரி ஒண்ணு வந்துச்சு, அழுகையா இருக்கும். பாப்பா முகம் சிவந்துருச்சு. "அறிவிருக்காப்பா உங்களுக்கு?" வராண்டாவே திரும்பிப் பார்த்துச்சு. "நாலு மாசம் தார் மாதிரிப் போயிருக்கு, வாயைத் திறக்கல, பெரிய தியாகி. யாரு கேட்டா உங்ககிட்ட? எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு நான் வந்து உங்ககிட்ட அழுதேனா? வலிக்குதுடின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்ல, ஊரெல்லாம் கூப்பிட்டுப் பாடம் எடுக்க மட்டும் வாய் இருக்கு. ஒன்பது வருஷமா ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாம இருந்தேன்ல, என் தப்பு, என்னைச் செருப்பால அடிக்கணும்." தள்ளுறவரு, "அம்மா, கொஞ்சம் மெதுவா, இது தியேட்டர் வாசல்"னாரு. "நீங்க தள்ளுங்கண்ணே, நான் எங்க அப்பாகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்." கண்ணுல தண்ணி கொட்டுது, அதைத் தொடைக்கக்கூட நேரமில்லாம திட்டுறா, கையை வேற வீசுறா, அப்படியே நான் டிரைவருகளைப் பேசுற மாதிரியே. எனக்குப் பயம் போகல, பயம் அப்படியேதான் இருக்கு. ஆனா விடுதலை குடுக்கலாம்னு நெனச்சேனே, அந்த நெனப்பு வெக்கப்பட்டு எங்கிட்டோ ஓடிருச்சு. இவளுக்குப் பதில் சொல்லணும். இதுக்கெல்லாம் ஒண்ணு விடாமப் பதில் வெச்சிருக்கேன் நான், வந்து சொல்லணும். கதவு ரெண்டு பக்கமும் திறந்துச்சு, இதுக்கு மேல அவ வரக்கூடாதுன்னு நிப்பாட்டுறாங்க. போயிட்டு வர்றேன் பாப்பான்னு சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்குள்ள அவ அடுத்ததை ஆரம்பிச்சுட்டா, அந்த சிரப்பு பாட்டிலை எங்க வெச்சிருக்கீங்க, வீட்டுக்குப் போயி மொத வேலையா அதை உடைக்கிறேனா இல்லையா பாருங்கன்னு, கதவு மூடுன பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.